ஆறாம் வயது மருத்துவப் பரிசோதனையைப் பெற்றோர் தவறவிடக் கூடாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

பிரான்சுக்கு உட்பட்ட ரீயூனியன் தீவில் ஆகஸ்ட் மாத நடுவில் புதிய கல்வியாண்டு தொடங்குகிறது. புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் வந்து இங்கே குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் ஒவ்வோர் ஆண்டும் எழும் கேள்வி ஒன்று உண்டு. பள்ளியிலிருந்து மருத்துவப் பரிசோதனைக்கு அழைப்புக் கடிதம் வந்திருக்கிறது. பிள்ளையை என்ன செய்வார்கள், அதில் ஏதேனும் குறை கண்டால் வகுப்பில் சேர்த்துக்கொள்ள மறுத்துவிடுவார்களா என்பதே அது. பள்ளிச் சுகாதாரப் பணியில் செவிலியாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். கடிதம் பிரெஞ்சில் இருப்பதால் அதைப் பொருள் கேட்டு என்னிடம் எடுத்து வரும் இளம் தாய்மார்களுக்கு வாய்மொழியாகச் சொல்லி வருவதைத் தங்கள் நாளிதழ் வழியாக இன்னும் பலருக்குச் சொல்ல விரும்பி இக்கடிதத்தை எழுதுகிறேன்.

முதலில் அச்சத்தைப் போக்கிவிடுகிறேன். இந்தப் பரிசோதனையில் தேர்ச்சி, தோல்வி என்று எதுவும் இல்லை. இதன் முடிவைக் காட்டி எந்தப் பிள்ளையையும் பள்ளி திருப்பி அனுப்புவதில்லை. பிள்ளை எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கும் முன்பாக, கண்ணிலோ காதிலோ பேச்சிலோ கைவிரல்களின் இயக்கத்திலோ படிப்புக்குத் தடையாகக்கூடிய குறை ஏதேனும் மறைந்திருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அதற்கு நேரத்தோடு வழி செய்வதற்காகவே இந்த ஏற்பாடு இருக்கிறது. பிரான்சில் பள்ளி வயதுப் பிள்ளைகளின் உடல்நலத்துக்கென்று ஆணைச் சட்டம் பிறந்தது இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945-ஆம் ஆண்டில். அதற்கு அடுத்த ஆண்டே ரீயூனியன், பிரான்சின் தெபார்த்மான் எனப்படும் நிர்வாக மாவட்டங்களில் ஒன்றாயிற்று. இன்று நாம் காணும் பள்ளி மருத்துவரும் பள்ளிச் செவிலியும் அந்தக் காலத்து அக்கறையின் தொடர்ச்சியே.

இப்போதைய சட்டப்படி பள்ளிப் பருவத்தின் தொடக்கத்தில் இரண்டு பரிசோதனைகள் உண்டு. 2019 முதல் பிரான்சில் மூன்று வயதிலேயே கல்வி கட்டாயமாகிவிட்டதால், மூன்றுக்கும் நான்குக்கும் இடைப்பட்ட வயதில் மழலையர் பள்ளியிலேயே தாய்சேய் நலப் பிரிவினர் ஒருமுறை பார்க்கிறார்கள். அடுத்தது பிள்ளையின் ஆறாம் ஆண்டில், அதாவது ஐந்து வயது முடிந்து ஆறாவது பிறந்தநாள் வருவதற்குள், பள்ளி மருத்துவர் செய்யும் விரிவான பரிசோதனை. ஆறு வயது நிறைந்த பிறகுதானே இது வரும் என்று பல பெற்றோர் காத்திருக்கிறார்கள், அப்படி அன்று. மழலையர் பள்ளியின் கடைசி ஆண்டிலேயே இதற்கான கடிதத்தை எதிர்பார்க்க வேண்டும். இவ்விரண்டுக்கும் குடும்பம் ஒரு காசும் செலுத்த வேண்டியதில்லை. அழைப்பு வந்தால் பெற்றோர் பிள்ளையை அழைத்துச் செல்லக் கடமைப்பட்டவர்கள். அதே பரிசோதனையைத் தாங்கள் தேர்ந்தெடுத்த மருத்துவரிடம் செய்துகொண்டதற்குச் சான்றிதழ் கொடுத்தால் மட்டுமே அந்தக் கடமையிலிருந்து விலக்கு உண்டு.

இந்த விலக்கு பற்றிய செய்தியைப் பெற்றோர் ஊன்றிக் கவனிக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். ஏனெனில், சட்டத்தில் கட்டாயம் என்று எழுதியிருக்கும் ஆறாம் ஆண்டுப் பரிசோதனை, நடைமுறையில் பெரும்பாலான பிள்ளைகளுக்கு நடப்பதே இல்லை. பிரான்சின் கணக்குத் தணிக்கை நீதிமன்றம் 2020-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, நாடு முழுவதும் பார்த்தால் 2013-இல் 26 விழுக்காட்டுப் பிள்ளைகள் இப்பரிசோதனையைப் பெற்றிருக்க, 2018-இல் அது 18 விழுக்காடாகச் சரிந்துவிட்டது. ஐந்து பிள்ளைகளில் ஒருவருக்குக்கூட முழுமையாகக் கிடைக்கவில்லை. பள்ளி மருத்துவர் பணியிடங்கள் நிரம்பாமல் கிடப்பதே இதற்கு முதன்மையான காரணம். இருக்கும் மருத்துவர்கள், ஆசிரியர் கவலை தெரிவித்த பிள்ளைகளை முதலில் பார்க்கிறார்கள். அமைதியாக ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் முறை வராமலேயே ஆண்டு ஓடிவிடுகிறது. இதற்காக அந்த மருத்துவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒருவரே எத்தனையோ பள்ளிகளுக்கு ஓடி ஓடி உழைப்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். ஆனால் அழைப்பு வரவில்லை என்பதால் நம் பிள்ளைக்குக் குறை ஒன்றும் இல்லை என்று எண்ணி நாம் இருந்துவிடக் கூடாது. பிறப்பு முதல் பதினாறு வயது வரை இருபது கட்டாயப் பரிசோதனைகளுக்கான செலவை மருத்துவக் காப்பீடு முழுவதுமாக ஏற்கிறது. ஐந்தாம் வயதிலும் ஆறாம் வயதிலும் வருபவை அவற்றில் அடங்கும். ஆகவே பள்ளியிலிருந்து கடிதம் வராத குடும்பங்கள், ஆறாம் பிறந்தநாளுக்கு முன்பே தங்கள் குடும்ப மருத்துவரிடம் நேரம் கேட்டு, பிள்ளையின் வயதுக்குரிய கட்டாயப் பரிசோதனைக்காக வருகிறோம் என்று முன்கூட்டியே தெரிவித்துவிட வேண்டும். சளி, காய்ச்சலுக்காகப் போன இடத்தில் போகிற போக்கில் இதைக் கேட்டால், அதற்கு வேண்டிய நேரத்தை எந்த மருத்துவராலும் ஒதுக்க முடியாது.

தடுப்பூசி விவரம் இதிலிருந்து தனியானது. இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். பள்ளியில் பெயர் பதியும்போதே தடுப்பூசிச் சான்று கேட்கப்படும். 2018 ஜனவரி 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பதினொரு நோய்களுக்கான தடுப்பூசிகள் கட்டாயம்: தொண்டை அடைப்பான், தசை விறைப்பு, இளம்பிள்ளை வாதம், கக்குவான் இருமல், மூளைக்காய்ச்சல் உண்டாக்கும் ஹிப் கிருமி, மஞ்சள் காமாலை பி, நுரையீரல் அழற்சி உண்டாக்கும் நிமோகாக்கஸ் கிருமி, மூளையுறை அழற்சி உண்டாக்கும் சி வகை மெனிங்கோகாக்கஸ் கிருமி, தட்டம்மை, புட்டாளம்மை, ருபெல்லா. 2025 முதல் கைக்குழந்தைகளுக்கு மெனிங்கோகாக்கசின் மற்ற வகைகளும் சேர்க்கப்பட்டிருக்கின்றன. இந்தியாவில் பிறந்து வளர்ந்து, இடையில் இங்கு வந்த பிள்ளைகளின் பெற்றோர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இந்திய அரசின் அட்டவணைப்படி எல்லா ஊசிகளும் போட்ட பிள்ளைக்கும் புட்டாளம்மை, மெனிங்கோகாக்கஸ் போன்ற சில விடுபட்டிருக்கலாம். ஏனென்றால் அரசு நிலையங்களில் போடும் ஊசி தட்டம்மை, ருபெல்லா இரண்டுக்கும் மட்டுமே. மறுபுறம், அங்கே பிறந்தவுடன் போடும் பிசிஜி ஊசி 2007-க்குப் பின் பிரான்சில் கட்டாயம் இல்லை. ஆதலால் ஊரிலிருந்து கொண்டுவந்த தடுப்பூசி அட்டையைத் தொலைத்துவிடாமல் வைத்திருந்து மருத்துவரிடம் காட்டினால், எது குறைகிறதோ அதை மட்டும் போடுவார்; அட்டை இல்லையென்றால் போட்டதையே மறுபடியும் போட நேரலாம். ஊசி குறைகிறது என்பதற்காகப் பள்ளி உடனே மறுப்பதில்லை. தற்காலிகமாகச் சேர்த்துக்கொண்டு மூன்று மாத அவகாசம் தருவார்கள். அந்த மூன்று மாதத்தை அலட்சியமாகக் கழிக்கக் கூடாது. 2019-இல் இத்தீவில் தட்டம்மை பரவியதை நாம் இன்னும் மறந்திருக்க மாட்டோம்.

இனி, பரிசோதனை அறைக்குள் நடப்பதைச் சொல்கிறேன். பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டிய முதல் செய்தி, அங்கே பொதுவாக ஊசி போட மாட்டார்கள், இரத்தம் எடுக்க மாட்டார்கள் என்பதுதான். சாப்பிட அடம்பிடிக்கும் பிள்ளையிடம் டாக்டரிடம் சொல்லி ஊசி போடச் சொல்வேன் என்று மிரட்டும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. அப்படி மிரட்டப்பட்ட பிள்ளை மருத்துவரைக் கண்டதும் வாயை இறுக மூடிக்கொள்கிறது. பேச்சைச் சோதிக்க வந்தவர், பேசாத பிள்ளையிடம் எதைச் சோதிப்பார்? இரண்டாவது செய்தி, உயரமும் எடையும் பார்க்கவும் இதயத் துடிப்பைக் கேட்கவும் முதுகெலும்பைப் பார்க்கவும் உள்ளாடை மட்டும் விட்டு மற்ற ஆடைகளைக் கழற்றச் சொல்வார்கள் என்பது. பெற்றோர் உடன் இருக்கும்போதுதான் இது நடக்கும் என்று பிள்ளைக்குச் சொல்லி வையுங்கள். இடுப்பில் அரைஞாண் கயிறோ கழுத்தில் தாயத்தோ இருந்தால் அதற்காகக் கூச்சப்பட வேண்டியதில்லை. இத்தீவின் மருத்துவர்கள் அதை நன்கு அறிந்தவர்கள்.

கண் பரிசோதனையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஒரு கண்ணில் மட்டும் பார்வை குறைவாக இருக்கும் பிள்ளை அதைப் பற்றி ஒருபோதும் முறையிடுவதில்லை. பிறந்தது முதல் உலகத்தை அப்படியே பார்த்துப் பழகியதால் தனக்குக் குறை இருக்கிறது என்பதே அதற்குத் தெரியாது. நல்ல கண் மற்றக் கண்ணின் வேலையையும் சேர்த்துச் செய்துவிடுவதால் வீட்டில் இருப்பவர்களுக்கும் தெரியாது. இதற்குள் மூளை, மங்கலாகத் தெரியும் கண்ணிலிருந்து வரும் காட்சியைப் புறக்கணிக்கப் பழகிக்கொள்கிறது. சோம்பல் கண் என்று சொல்லப்படும் இந்நிலையைச் சிறு வயதில் கண்டுபிடித்தால், கண்ணாடி அணிவித்தும் நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் மூடி வைத்தும் பெரும்பாலும் சரிசெய்துவிடலாம். ஆறு, ஏழு வயதைத் தாண்டத் தாண்ட அதன் பலன் குறைந்துகொண்டே போகும். பிறகு எத்தனை விலை உயர்ந்த கண்ணாடி வாங்கினாலும் அந்தக் கண் முழுப் பார்வையைப் பெறுவது அரிது. இதனால்தான் ஒவ்வொரு கண்ணாக மூடிவைத்துத் தூரத்தில் இருக்கும் படங்களையோ எழுத்துகளையோ சொல்லச் சொல்கிறார்கள். பிள்ளை விரலிடுக்கு வழியாக எட்டிப் பார்க்கும். மருத்துவர் அதைக் கவனித்துக்கொள்வார். பக்கத்தில் நிற்கும் தாயோ தந்தையோ ஆர்வத்தில் விடையை முணுமுணுத்துவிடுவதுதான் பெரிய இடையூறு. பிள்ளைக்கு உதவுவதாக நினைத்து அதன் குறையை மறைத்துவிடுகிறோம் என்பதை உணர்ந்து, அந்த நேரத்தில் பெற்றோர் அமைதியாக இருக்க வேண்டும். குடும்பத்தில் யாருக்காவது மாறுகண்ணோ, சிறு வயதிலேயே கண்ணாடியோ இருந்திருந்தால் அதைக் கேட்காமலே சொல்லிவிடுவது நல்லது. நிறங்களைப் பிரித்தறியும் சோதனையும் சில நேரம் நடக்கும். நிறக்குருடு ஆண் பிள்ளைகளிடமே மிகுதியாகக் காணப்படுகிறது. அது தெரிந்தால், பச்சைப் பென்சிலை எடு என்று சொன்னதும் பழுப்பு நிறத்தை எடுக்கும் பையனை ஆசிரியர் கடிந்துகொள்ளாமல் இருப்பார்.

காதுக்கும் இதே முறைதான். பிறந்தவுடன் மருத்துவமனையில் செவித்திறனைப் பார்த்துச் சரி என்று சொன்னார்களே, இப்போது ஏன் மறுபடியும் என்று சிலர் கேட்கிறார்கள். அடிக்கடி சளி பிடிக்கும் பிள்ளைகளுக்குச் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்துக்கொண்டு, வலியோ காய்ச்சலோ இல்லாமலேயே செவித்திறன் மந்தமாகிவிடுவது உண்டு. அத்தகைய பிள்ளை தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டும், கூப்பிட்டால் திரும்பாது, வகுப்பில் சொன்னதைச் செய்யாது. சொல் பேச்சுக் கேட்காத பிள்ளை என்று வீட்டிலும் பள்ளியிலும் திட்டு வாங்கும். ஆனால் சொன்னது அதன் காதில் விழவே இல்லை என்பதை, காதில் கேட்பொறி (ஹெட்போன்) மாட்டி வெவ்வேறு ஒலிகளைக் கேட்கச் செய்யும் சோதனை ஒன்றே காட்டிக்கொடுக்கும். காதில் தேங்காய் எண்ணெயைச் சுடவைத்து ஊற்றுவதையும் கொண்டை ஊசியால் குடைவதையும் நம் வீடுகளில் அடியோடு நிறுத்திவிட வேண்டும். அழுக்கை அது உள்ளே தள்ளுமே தவிர வெளியே கொண்டுவராது. செவிப்பறையில் ஓட்டை விழுந்த பிள்ளைகளும் உண்டு.

நம் குடும்பங்களைப் பொறுத்தவரை எல்லாவற்றிலும் முக்கியமானது பேச்சும் மொழியும் பற்றிய சோதனை. மருத்துவர் ஒரு படத்தைக் காட்டி அதில் நடப்பதைச் சொல்லச் சொல்வார். சில சொற்களைத் திருப்பிச் சொல்லச் சொல்வார். ஆறாம் ஆண்டில், சொல்லின் முதல் அசை எது, ஒரே ஒலியில் முடியும் சொற்கள் எவை என்றும் கேட்பார்; எழுத்துக்கூட்டிப் படிப்பதற்கு அடிப்படையான திறன் அதுவே. இவை யாவும் பிரெஞ்சில் நடக்கும். வீட்டில் பாட்டியிடம் தமிழும், தெருவில் தீவின் பேச்சுமொழியான கிரியோலும், வகுப்பில் மட்டும் பிரெஞ்சும் பேசும் பிள்ளை இங்கே தடுமாறுவது இயல்பு. பிரெஞ்சு போதாமையால் வரும் தடுமாற்றத்துக்கும் பேச்சு வளர்ச்சியிலேயே இருக்கும் குறைக்கும் பெருத்த வேறுபாடு உண்டு. அதை மருத்துவர் பிரித்தறிய வேண்டுமானால் பெற்றோர் வாய் திறந்து உண்மையைச் சொல்ல வேண்டும். வீட்டில் எந்த மொழி, யார் யாரோடு எதில் பேசுகிறார்கள், பிள்ளை எப்போது பிரெஞ்சைக் கேட்கத் தொடங்கியது, தமிழில் எப்படிப் பேசுகிறது என்பனவற்றைத் தெளிவாகச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் பிரெஞ்சுதான் பேசுகிறோம் என்று பெருமைக்காகச் சொல்லிவிட்டுப் போன குடும்பத்தின் பிள்ளைக்குப் பேச்சுக் குறை இருப்பதாகக் குறிப்பெழுதப்பட்டு, தேவையில்லாத காத்திருப்புப் பட்டியலில் பெயர் சேர்ந்ததை நான் கண்டிருக்கிறேன். அதற்கு நேர்மாறாக, பிள்ளைக்கு இன்னும் பிரெஞ்சு வரவில்லை, அவ்வளவுதான் என்று எல்லோரும் தள்ளிப்போட, தமிழிலும் அந்தப் பிள்ளைக்குச் சொல் எழவில்லை என்பதை யாரும் கேட்காமலே விட்டதையும் கண்டிருக்கிறேன். இரண்டாவது நிலைதான் மிகவும் ஆபத்தானது.

ஆகவே பெற்றோர் முதலில் தமிழைக் கொண்டே பிள்ளையை அளந்துகொள்ள வேண்டும். மூன்று வயதாகியும் இரண்டு மூன்று சொற்களைச் சேர்த்துப் பேசாத பிள்ளையையும், நான்கு வயதில் வீட்டாருக்கு மட்டுமே விளங்கும்படி பேசும் பிள்ளையையும், ஐந்து வயது முடிந்தும் நேற்று கோயிலில் நடந்ததை முன்பின் மாறாமல் சொல்லத் தெரியாத பிள்ளையையும் எந்த மொழிக் குடும்பமானாலும் பேச்சுப் பயிற்சியாளரிடம் காட்ட வேண்டும். மூன்று வயதில் காக்காவைத் தாத்தா என்று சொன்னால் சிரித்து மகிழலாம். ஆறு வயதிலும் அப்படியே சொன்னால் கவனிக்க வேண்டும். ஆனால் பழத்தைப் பயம் என்றோ பளம் என்றோ சொல்வது பிள்ளையின் குறை அன்று. வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டதையே அது சொல்கிறது. பிரெஞ்சுக்காரரான பயிற்சியாளருக்கு இது தெரிய வழியில்லை, நாம்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். இன்னொன்றையும் இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பிரெஞ்சு வர வேண்டுமென்றால் வீட்டில் தமிழை நிறுத்துங்கள் என்று யாராவது அறிவுரை சொன்னால் அதை ஏற்காதீர்கள். தாய்மொழியில் நிறையச் சொற்களும் கதைகளும் கேட்டு வளர்ந்த பிள்ளை இரண்டாம் மொழியை எளிதில் பிடித்துக்கொள்ளும். பெற்றோர் தங்களுக்கே சரியாக வராத மொழியில் நான்கு சொற்களைத் திரும்பத் திரும்பப் பேசும் வீட்டில்தான் பிள்ளைக்கு இரு மொழியும் அரைகுறையாகிறது.

உடலசைவுச் சோதனையில் ஒற்றைக்காலில் நிற்பது, நொண்டியடிப்பது, கோட்டின் மேல் நடப்பது, பென்சில் பிடிப்பது, வட்டமும் சதுரமும் முக்கோணமும் பார்த்து வரைவது, ஒரு மனிதரை வரைவது ஆகியவை இருக்கும். இவற்றுக்காக முதல் நாள் இரவு பிள்ளையை உட்காரவைத்துப் பயிற்சி கொடுக்கக் கூடாது. பயிற்சியால் வரையப்பட்ட முக்கோணம் மருத்துவருக்கு எதையும் சொல்லாது. இடது கையால் எழுதும் பிள்ளையை வலது கைக்கு மாற்றும் முயற்சியையும் கைவிட வேண்டும். சோறு உண்ணும் கை எது என்பதை வீட்டு வழக்கப்படி வைத்துக்கொண்டு, எழுதும் கையைப் பிள்ளையின் போக்கில் விட்டுவிடலாம்.

எடையைப் பற்றி நம்மவர்களோடு எனக்கு நெடுநாளாக ஒரு வழக்கு உண்டு. கொழுகொழுவென்று இருக்கும் பிள்ளையே ஆரோக்கியமான பிள்ளை என்ற எண்ணம் நம்மை விட்டுப் போகவில்லை. மருத்துவர் பார்ப்பது ஒரு நாளின் எடையை மட்டும் அன்று. சுகாதாரக் குறிப்பேட்டில் பிறப்பு முதல் புள்ளி வைத்து வந்த வளைகோட்டை அவர் பார்க்கிறார். உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் அந்தக் கோடு ஒரு வயதுக்குப் பின் மெல்ல இறங்கி, ஏறத்தாழ ஆறு வயதில் மீண்டும் ஏறத் தொடங்குவது இயற்கை. நான்கு வயதிலேயே ஏறத் தொடங்கிவிட்டால், பிள்ளை பார்வைக்குக் குண்டாக இல்லாவிட்டாலும், பிற்காலத்தில் உடல் பருமனுக்கு அது முன்னறிவிப்பு. நீரிழிவு நோய் பிரான்சின் பெருநிலப் பகுதியைவிட ஏறக்குறைய இரு மடங்காக இருக்கும் தீவு இது. இந்திய வம்சாவளியினருக்கு அந்நோயின் நாட்டம் மிகுதி என்பதும் தெரிந்ததே. சோறும் பருப்பும் ருகாய் என்னும் காரத் தொடுகறியும் சாப்பிடும் பிள்ளைக்குத் தீங்கு அந்தச் சோற்றால் வருவது குறைவு. உணவோடு குடிக்கும் இனிப்புப் பானத்தாலும் மாலை முழுவதும் திரைமுன் கொறிப்பதாலும் வருவதே மிகுதி. மருத்துவர் இதைச் சொல்லும்போது, எங்கள் சமையலைக் குறை சொல்கிறார் என்று முகம் சுளிக்காமல் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பல்லைப் பற்றி ஒரு செய்தி மட்டும். ஆறு வயதை ஒட்டி, பால்பற்களின் வரிசைக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலேயே ஒரு பெரிய கடைவாய்ப் பல் முளைக்கும். விழுந்து முளைக்கும் பல்தானே என்று பலரும் அதைச் சொத்தையாக விட்டுவிடுகிறார்கள். உண்மையில் அது வாழ்நாள் முழுவதும் இருக்க வேண்டிய நிலையான பல். ஆறாம் வயதுக்கான பல் பரிசோதனைக்கு மருத்துவக் காப்பீட்டிலிருந்து தனி அழைப்பு வரும். அதற்கும் கட்டணம் இல்லை.

மருத்துவர் கேட்கும் கேள்விகள் சிலருக்குச் சங்கடமாக இருக்கலாம். பிள்ளை எத்தனை மணிக்குத் தூங்குகிறது, இரவில் படுக்கையை நனைக்கிறதா, கைபேசியை எவ்வளவு நேரம் பார்க்கிறது, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், அண்மையில் இறப்போ பிரிவோ நேர்ந்ததா என்றெல்லாம் கேட்பார்கள். இவை வீட்டு விவகாரத்தில் தலையிடுவதற்காகக் கேட்கப்படுபவை அல்ல. பிள்ளையின் தூக்கமும் கவனமும் கெடுவதற்கு இவை காரணமாவதால் கேட்கப்படுகின்றன. சொல்லப்படும் எதுவும் மருத்துவ இரகசியத்துக்கு உட்பட்டது. ஆசிரியருக்கு நோயின் பெயர் போவதில்லை. பிள்ளையை முன்வரிசையில் உட்காரவைக்க வேண்டும் என்பது போன்ற ஏற்பாடு மட்டுமே பெற்றோரின் சம்மதத்தோடு தெரிவிக்கப்படும். அப்படியிருந்தும் வலிப்பையும் ஆஸ்துமாவையும் மறைக்கும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன என்பது எனக்குப் பெரும் வேதனை தருகிறது. நாளைக்குப் பெண் கொடுக்கல் வாங்கலில் பேச்சு வரும் என்ற அச்சத்தால், ஆறு வயதுப் பெண் பிள்ளையின் மூச்சுத் திணறலைப் பள்ளிக்குத் தெரியாமல் மூடி வைப்பது எவ்வளவு கொடுமை! ஆஸ்துமா இத்தீவில் மிகவும் பரவலான நோய். பள்ளி மருத்துவரிடம் சொன்னால், பிள்ளைக்கென்று ஒரு தனித் திட்டம் எழுதி, மருந்துக் குழாயைப் பள்ளியிலேயே வைத்து, திணறல் வந்தால் யார் என்ன செய்ய வேண்டும் என்பதை முன்கூட்டியே தீர்மானித்துவிடுவார்கள். வேர்க்கடலை, முட்டை போன்ற உணவு ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கும் பள்ளி உணவகத்தில் அதே திட்டம் காவலாக அமையும்.

அன்றைக்கு எடுத்துச் செல்ல வேண்டியவை அதிகம் இல்லை: கார்னே தெ சாந்தே என்னும் சுகாதாரக் குறிப்பேடு, ஊரிலிருந்து கொண்டுவந்த தடுப்பூசி அட்டை, பிள்ளை கண்ணாடி அணிந்தால் அந்தக் கண்ணாடி, பழைய மருத்துவக் கடிதங்கள், பள்ளி முன்கூட்டியே அனுப்பிய வினாத்தாள். வினாத்தாள் பிரெஞ்சில் இருக்கிறது என்று வெறுமையாகத் திருப்பி அனுப்பிவிடாமல், தெரிந்தவர் உதவியோடு நிரப்புங்கள். வேலைக்கு விடுப்பு எடுக்க முடியாது என்று பிள்ளையைத் தனியே விட்டுவிடுவதையும் முடிந்தவரை தவிர்க்க வேண்டும். தாய்க்குப் பிரெஞ்சு போதவில்லை என்றால் மொழி தெரிந்த சித்தப்பாவோ அத்தையோ கூடவே வரட்டும்; ஆனால் பிள்ளையின் அக்காவையோ அண்ணனையோ மொழிபெயர்ப்பாளராக்கக் கூடாது. குடும்பத்தின் துயரங்களைப் பத்து வயதுப் பிள்ளையின் வாயால் சொல்லவைப்பது முறையன்று.

பரிசோதனை முடிந்ததும் கண் மருத்துவரிடமோ பேச்சுப் பயிற்சியாளரிடமோ காட்டும்படி ஒரு தாள் கொடுக்கப்பட்டால், அதைப் பெற்ற அன்றே நேரம் கேட்டுத் தொலைபேசி செய்ய வேண்டும். சிறப்பு மருத்துவர்களிடம் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கிறது. தாளை அலமாரியில் வைத்துவிட்டு விடுமுறைக்குப் பிறகு பார்க்கலாம் என்றால் பிள்ளை முதல் வகுப்பைக் கடந்துவிடும். காட்டியபின் மருத்துவர் எழுதிக் கொடுப்பதைப் பள்ளிச் செவிலியிடம் தெரிவிப்பதும் நம் பொறுப்பே. பள்ளியில் உள்ளவர்கள் மறுபடி கேட்காததால் அவர்களுக்கு அக்கறை இல்லை என்று எண்ண வேண்டாம். அவர்கள் கையில் இருக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கை அப்படி.

இரண்டு வேண்டுகோள்களை முன்வைக்கிறேன். சேந்தாந்த்ரே, சேன் தெனி, சேன் பியேர் ஆகிய ஊர்களில் தமிழ் வகுப்பு நடத்தும் சங்கங்களும் கோயில் நிர்வாகங்களும், பள்ளி திறப்பதற்கு முந்தைய ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கென ஒதுக்கி, பிரெஞ்சும் தமிழும் அறிந்த சிலரை உட்காரவைத்து, வினாத்தாள்களை நிரப்பவும் இந்தியத் தடுப்பூசி அட்டைகளைப் பிரெஞ்சில் எழுதித் தரவும் உதவ வேண்டும். உடல்நலம் நன்றாக இருக்கும் வரை நானும் அதில் கலந்துகொள்ளத் தயாராக இருக்கிறேன். தங்கள் நாளிதழ், கட்டாயத் தடுப்பூசிகளின் பட்டியலையும் பரிசோதனை வயதுகளையும் மருத்துவர் ஒருவரைக் கொண்டு சரிபார்த்து, ஆகஸ்ட் மாதத்துக்கு முன்பாக எளிய தமிழில் வெளியிட்டு உதவ வேண்டும் என்றும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற பள்ளிச் செவிலி ஒருவர்,
சேந்தாந்த்ரே, ரீயூனியன் தீவு.